பிளேட் நாயும் பெருச்சாளி வளையும்

எழுத்தறியாதவர்களுக்கும் நம் நாட்டில் அறிமுகமான வெளிநாட்டு நாய் ஒன்று உண்டென்றால், அது கிராமபோன் குழாயின் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாய்தான். நம் பாட்டனார் காலத்தில் பலருக்குக் கம்பெனியின் பெயர் வாயில் நுழையாது. 'நாய் மார்க் பிளேட்' என்றால் போதும்.

அந்த நாய் கற்பனையன்று. 1884-ல் இங்கிலாந்தில் பிறந்த நிப்பர் என்னும் டெரியர். வந்தவர்களின் குதிகாலைக் கவ்வும் வழக்கத்தால் வந்த பெயர் அது. 1895-ல் அது இறந்த பிறகு, பிரான்சிஸ் பரோட் என்ற ஓவியர் அதைச் சித்திரமாகத் தீட்டினார். 1899-ல் கிராமபோன் கம்பெனியார் படத்தையும் உரிமையையும் நூறு பவுனுக்கு வாங்கினர்.

இரண்டு வருஷத்துக்கு முன், நம் மருமான் பெங்களூரிலிருந்து ஜாக் ரஸ்ஸல் டெரியர் குட்டி ஒன்றை மூங்கில்துறைப்பட்டுக்குக் கொண்டுவந்து விட்டுப் போனான். அடுக்குமாடிக்காரர்களுக்கு அதன் குரைப்புச் சகிக்கவில்லையாம். சினிமாவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள், அந்த நாய்க்குப் பின்னால் நின்ற பயிற்சிக்காரரைப் பார்ப்பதில்லை!

"அடே, பிளேட்டில் இருக்கிற நாயல்லவா இது?" என்றார் நம் அத்தை. நிப்பர் கலப்பு டெரியர். இது அதன் தாயாதி. ஆகவே அத்தை வாக்குப்படி அதற்கும் நிப்பர் என்றே பெயராயிற்று.

இந்த ஜாதியை உண்டாக்கியவர் ஜான் ரஸ்ஸல் என்னும் பாதிரியார். 1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது, பால்காரர் ஒருவரிடம் வாங்கிய டிரம்ப் என்ற பெட்டை நாயிலிருந்து வம்சம் தொடங்கிற்று. 'டெரா' என்றால் லத்தீனில் மண். வளைக்குள் புகுந்து நரியை வெளியே துரத்துவதே டெரியரின் உத்தியோகம். அதனால்தான் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ. தோளுக்குப் பின்னே மார்பை இரு கைகளால் சுற்றிப் பிடித்தால் விரல்கள் கூட வேண்டும். அதற்கு மேல் பருத்த நாய் வளைக்குள் சிக்கிக்கொள்ளும். வெள்ளை உடம்பும் காரணத்தோடுதான். மண்ணிலிருந்து வெளிவரும் நாயை நரியென்று எண்ணிவிடக் கூடாதல்லவா?

தென்பெண்ணைக் கரையில் நமக்கு நரி வேட்டை இல்லை. சட்டமும் இடம் கொடாது. ஆனால் கூட்டுறவு ஆலைக்குப் போகும் கரும்பிருக்கிறது. கரும்பின் அடியைக் கடிக்கப் பெருச்சாளி இருக்கிறது. வரப்பைக் கண்டதும் நிப்பருக்குப் பாதிரியார் காலத்து ஞாபகம் வந்துவிட்டது. ஒரே மாதத்தில் அது கொன்ற பெருச்சாளிகளைக் கண்டு, அக்கம் பக்கத்தார் இரவல் கேட்க வந்தார்கள்.

சென்ற மாசியில் ஒரு மாலை, வளைக்குள் பாதி உடம்பு போயிருந்த சமயம், கரும்பு வெட்ட வந்தவர் ஒருவர் எதையோ சந்தேகித்து அதன் பின்காலைப் பற்றி இழுத்தெறிந்தார். சரிந்த மண்ணிலிருந்து வந்தது பெருச்சாளியல்ல. படமெடுத்த நல்ல பாம்பு. நிப்பர் மறுபடியும் அதை நோக்கியே பாய்ந்தது!

நம் வீட்டுக் காவல் நாட்டு நாயோ பாம்பைக் கண்டால் எட்டடி தள்ளி நின்று ஊரைக் கூட்டும். அதைக் கோழை என்பார் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் பிழைத்த அறிவென்றே நாம் சொல்வோம். இங்கிலாந்தின் வளையில் நரியை எதிர்பார்த்து வளர்ந்த தைரியத்துக்கு இங்கே என்ன வேலை?

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம். பெங்களூருக்கே அனுப்பிவிடலாம் என்றது ஒரு கட்சி. கட்டிப்போட்டால் ஊளையிட்டே செத்துவிடும் என்றார் அத்தை. கால்நடை மருத்துவர் பாம்பைவிட வேறு இரண்டுக்கு அஞ்சச் சொன்னார்: எலியின் மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல், விஷம் தின்ற எலி. முன்னதற்கு வருஷந்தோறும் ஊசி உண்டு. பின்னதற்கு, பக்கத்து வயல்காரர் மருந்து வைக்கும் நாளைக் கேட்டறிவதுதான் வழி.

முடிவில் கரும்புக் கொல்லை விலக்கப்பட்டது. வயல் பக்கம் போகையில் பன்னிரண்டு முழக் கயிறு. வீட்டுக் கொல்லையில் ஒரு வண்டி மணல் கொட்டி, அடியில் பழைய தேங்காய் மட்டைகளைப் புதைத்து வைத்தோம். ஒரு வாரத்தில் மணல் முழுவதும் கிணற்றடிக்கு இடம் பெயர்ந்துவிட்டது.