ஒரு வாய்ச் சோறு

மழை கொட்டுகிறது. ரயில் சுரங்கப்பாதையின் வாசல். அமெரிக்காவிலிருந்து வந்த மரபணுச் சோதனை முடிவு பொருந்தவில்லை. கைவிலங்கோடு நிற்கும் இளைஞனின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, அவன் கண்ணுக்குள் பார்க்கிறார் போலீஸ்காரர். கொலைகாரன் இவன்தானா? அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்கிறார்: வேளைக்குச் சாப்பிடவாவது செய்கிறாயா?

போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படம் அது. அந்தக் கேள்வி திரைக்கதையில் இல்லை. அந்த இடத்துக்கு, போலீஸ்காரராக நடித்த சோங் காங்-ஹோ தாமே கண்டுபிடித்துச் சொன்னது. முதல்முறை பார்த்தபோது படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். எவ்வளவு கோபமிருந்தாலும் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்காமல் அம்மா படுக்கப் போனதில்லை. கொரியாவிலும் அது நலம் விசாரிக்கும் சொல்தான். அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லுக்குள் வெறுப்பும் இரக்கமும் தோல்வியும் ஒன்றாக அடங்கும் என்று அன்றுதான் கண்டேன்.

அதன்பின் சோங் காங்-ஹோவின் படங்களில் அவர் சாப்பிடும் காட்சிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். ‘ஜாயிண்ட் செக்யூரிட்டி ஏரியா’வில் (2000) அவர் வட கொரியச் சிப்பாய். எல்லை தாண்டி ரகசியமாக வரும் தென் கொரிய நண்பன் ‘சோக்கோ பை’ என்ற இனிப்புப் பண்டம் கொண்டுவருகிறான். தெற்கே வந்துவிட்டால் இதை வயிறு முட்டத் தின்னலாமே என்கிறான். வாயில் அடைத்திருந்ததை அப்படியே உள்ளங்கையில் துப்புகிறார் சோங். என் கனவு, எங்கள் நாடு இதைவிட நல்ல பண்டம் செய்வதுதான் என்கிறார். இறுக்கம் தளர்ந்ததும், துப்பியதை மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார். பிளவுபட்ட ஒரு தேசத்தின் மானமும் ஆசையும் ஒரே கையளவு பண்டத்தில்.

சோங் 1967இல் பூசானை அடுத்த கிம்ஹேயில் பிறந்தவர். நடிப்புப் பட்டம் பெற்று வந்தவரல்ல, நாடகத்தில் வளர்ந்தவர். பூசானிலிருந்து சியோலுக்கு வந்து யோனு நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையில் குளோசப் கிடையாது. கடைசி வரிசைக்காரருக்கும் புரியும்படி உடம்பு பேசவேண்டும். அவருடைய கையும் தாடையும் அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1996இல் ஹாங் சாங்-சூவின் முதல் படத்தில் சிறு வேடத்தோடு சினிமாவுக்கு வந்தார்.

அந்த நாட்களில் ஒரு பட வாய்ப்பு அவருக்குக் கைநழுவியது. அதில் உதவி இயக்குநராக இருந்த இளைஞர் அவருடைய பேஜரில், இந்த முறை முடியவில்லை, இன்னொரு நாள் சேர்ந்து வேலை செய்வோம் என்று பணிவாக நீண்ட செய்தி விட்டுவைத்தார். அவர்தான் போங் ஜூன்-ஹோ. போங்கின் முதல் படம் ஓடவில்லை. சோங் அதற்குள் பெரிய நட்சத்திரம். ஆனாலும் போங்கின் அடுத்த படமான ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ படத்துக்கு ஒப்புக்கொண்டார். அந்தச் செய்தியை அவர் மறக்கவில்லை. மனம் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிந்தவருக்குத்தான் சுரங்கப்பாதைக் கேள்வி வாய்க்கும்.

‘எ டாக்சி டிரைவர்’ (2017) 1980 மே மாதம் தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் ராணுவம் நடத்திய படுகொலையைப் பற்றியது. அந்த ஊரைவிட்டுத் தப்பி வந்த டிரைவராக அவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவசரமாக நூடுல்ஸ் உறிஞ்சுகிறார். பசியைப் பார்த்துக் கடைக்காரப் பெண் ஒரு சோற்று உருண்டை தருகிறாள். குவாங்ஜுவிலும் ஒருத்தி இப்படித்தான் கொடுத்தாள். மெல்கிற வாய் மெதுவாகிறது. விழுங்க முடியவில்லை. பிறகு காரை மீண்டும் குவாங்ஜுவுக்கே திருப்புகிறார். வீர வசனம் எதுவும் இல்லை. ஒரு வாய்ச் சோறு போதுமாயிருந்தது.

போங்கின் இயக்கத்தில் அவர் நடித்த ‘பாரசைட்’ 2020இல் ஆஸ்கர் வென்றது. 2022இல் ‘புரோக்கர்’ படத்துக்காக கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதைப் பெற்ற முதல் கொரியர் அவர்தான்.

எனக்கோ ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ முடியும் இடம்தான் நிற்கிறது. கொலைகாரன் எப்படியிருந்தான் என்று அவர் கேட்க, ஒரு சிறுமி சொல்கிறாள்: சாதாரண முகம். உடனே அவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் போலீஸ்காரரின் முகமும் சாதாரணமானதுதான். பசித்தால் வாடி, சோறு கண்டால் மலர்கிற முகம். அதை அலங்கரிக்காமல் காட்டவே ஒரு நடிகர் இத்தனை ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறார்.