ராத்திரியில் தட்டியவர்கள்

கம்போங் மேடானில் வளர்ந்தவர்கள், இரவில் யாராவது கதவைத் தட்டினால் உடனே திறந்துவிட மாட்டார்கள். 2001 மார்ச் கலவரத்தில் ஆறு உயிர்கள் போனபோது நான் ஆரம்பப் பள்ளி மாணவி. அன்று அப்பா அலமாரியை நகர்த்தி வாசற்கதவுக்கு முட்டுக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா இப்போதும் படுக்கப் போகும்முன் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்.

அவரிடம் போய், "நேற்று ராத்திரி நம் வீட்டை இரண்டாயிரம் தடவை தட்டியிருக்கிறார்கள்" என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

வைஃபை மந்தமாக இருக்கிறதே என்று ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தவள், அதன் ஃபயர்வால் பதிவேட்டில் மாட்டிக்கொண்டேன். நேரம், எங்கிருந்தோ ஓர் ஐபி முகவரி, ஒரு போர்ட் எண், 'டிராப்' என்ற சொல். பக்கம் பக்கமாக இதேதான். முகவரிகளைத் தேடினால் பிரேசில், வியட்நாம், ருமேனியா. எனக்கு அங்கெல்லாம் நேயர்கள்கூட இல்லை!

நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவு அண்ணன்தான் பதற்றத்தைத் தணித்தார். 'டிராப்' என்றால் தட்டினார்கள், நாம் பதில் சொல்லவில்லை என்று பொருள். உங்கள் வீட்டைக் குறிவைத்தும் யாரும் வரவில்லை. பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இசட்மேப், ஒரே கணினியிலிருந்து அவை எல்லாவற்றிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்திற்குள் தட்டிப் பார்த்துவிடும்.

என் பதிவேட்டில் அதிகம் தட்டப்பட்டது 23ஆம் போர்ட், டெல்நெட். 2016இல் மிராய் என்ற தீநிரல் புகுந்த வழி அது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அந்த அக்டோபர் 21ஆம் தேதி அவற்றை ஏவித்தான் டைன் நிறுவனத்தைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. ஆக, பிரேசிலிலிருந்து தட்டியது திருடனாக இருக்க வேண்டியதில்லை. அங்கே யாரோ ஒரு பாட்டி வீட்டுக் கேமராவாகவும் இருக்கலாம்.

"டிராப் ஆனதை விடு, உள்ளே விட்டதைப் பார்" என்றார் அண்ணன்.

பார்த்தேன். இருந்தது. அம்மா தனியாக இருக்கிறாரே என்று நானே வாங்கி ஹாலில் மாட்டிய கேமரா, யுபிஎன்பி வசதி மூலம் ரவுட்டரிடம் கேட்டு, தனக்கென ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவு வழியாக மூன்று இணைப்புகள் வந்துபோயிருந்தன. கடவுச்சொல்லோ, பெட்டியில் அச்சிட்டிருந்த அதே 'அட்மின்'.

யுபிஎன்பியை அணைத்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தேன். பத்து நிமிட வேலை. வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்களா, அம்மா சோபாவில் தலைசாய்த்துத் தூங்குவதைப் பார்த்தார்களா என்பதைப் பதிவேடு சொல்லவில்லை.

அம்மாவிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தார். பிறகு உள்ளே போய், அப்பாவின் பழைய கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினார். இன்னும் எடுக்கவில்லை.