நிற்கும் கால்கள்

புகார் நகரின் நாளங்காடியை இளங்கோவடிகளும், மதுரையின் நாளங்காடி அல்லங்காடிகளை மாங்குடி மருதனாரும் நம் கண்முன் நிறுத்தினர். பண்டங்களின் வகை அங்கே உண்டு. வாங்குவோர் நெரிசலும் உண்டு. பொழுது முழுதும் நின்று விற்றவர்தம் கால்கள் எவ்வாறு நொந்தன என்னும் செய்தி மட்டும் என் கண்ணில் பட்டதில்லை.

எம் ஊர் நீடாமங்கலம். வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பு இதன் அருகே உள்ளது. தஞ்சை – திருவாரூர் இருப்புப்பாதையிலிருந்து மன்னார்குடிக்குக் கிளை பிரிவதும் இங்கேதான். ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பது எம்மூரார்க்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் பேருந்துக்குள் உட்கார்ந்தே காத்திருப்போம். கடைப் பெண்கள் காத்திருப்பது அப்படியன்று. ஆள் வந்தாலும் நிற்க வேண்டும். வராவிட்டாலும் நிற்க வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டுப் பெண் பக்கத்து நகரத்துத் துணிக்கடை ஒன்றில் பணிபுரிகிறாள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்குபவள் இரவு வீடு திரும்பும்போது கணுக்கால் வீங்கியிருக்கும். அவளுடைய தாயார் வெந்நீரில் கல்லுப்பு இட்டுக் கால்களை அதில் வைக்கச் சொல்வார். “கடையில் உட்கார இடமே இல்லையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஸ்டூல் கெடக்கு மாமா. உக்காந்தா, வேலை இல்லாம இருக்கோம்னு ஆயிடும்” என்றாள்.

உடலின் இயல்பை நோக்குங்கால் இது சிறு துன்பம் அன்று. காலின் குருதி இதயம் நோக்கி மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளை அழுத்தி அதனை மேலே தள்ளும். சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே வழியாதபடி தடுக்கும். அசையாது நிற்பவர்க்கு அத்தசை ஓய்ந்துவிடுகிறது. தேங்கிய குருதியின் அழுத்தம் நாளடைவில் வால்வுகளைத் தளர்த்தலாம். மதகுப் பலகை பழுதானால் வாய்க்கால் என்ன ஆகும் என்பதைக் காவிரிப் பாசன மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சிரைகள் புடைத்துச் சுருளும் இந்நோயை மருத்துவர் ‘வெரிகோஸ் வெயின்’ என்பர்.

2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றி எரிந்தபோது நாடே அதனைப் பார்த்துப் பதறியது. ஒரு பெண்ணின் கணுக்கால் வீங்குவதை யார் பார்க்கிறார்கள்?

பார்த்தவர்கள் சிலர் உண்டு. பிரித்தானிய நாடாளுமன்றம் 1899-லேயே, கடையில் பணிபுரியும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 1964-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 120-ஆம் உடன்படிக்கையும் இருக்கையை வலியுறுத்தியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜி என்னும் தையற்கலைஞர், கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், உட்காரும் உரிமை வேண்டும் எனப் போராடினார். 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளர்க்கும் இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆக, சட்டம் கேட்பது மரப்பலகையை மட்டும் அன்று; அதில் உட்காரும் இசைவையும்தான். நின்றால்தான் மரியாதை என்பது நம் பழைய வழக்கமும் அன்று. நான் சிறுவனாக இருந்தபோது ஜவுளிக்கடைகளில் மேடையிட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார்; புடவைகள் இருவர் மடிக்கும் நடுவே விரியும். அதனால் வணிகம் கெட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கண்ணாடிக் கவுண்ட்டர் வந்த பின்னரே விற்பவர் எழுந்து நின்றார்.

இவற்றையெல்லாம் அப்பெண்ணிடம் சொன்னபோது, “அந்த நம்பரை மட்டும் எழுதிக் குடுங்க மாமா” என்றாள். எழுதிக் கொடுத்தேன். தன் பணப்பையில் மடித்து வைத்திருக்கிறாள்; இன்னும் எவரிடமும் காட்டவில்லை.