வாசலில் காயும் மிளகாய்

விளம்பரப் படம் எடுப்பது என் தொழில். சிலாங்கூரின் அம்பாங் பெச்சாவில் வளர்ந்தவன். அம்மா பால்மரம் சீவியவர். ஆனாலும் வெகுகாலம் எந்த வாடிக்கையாளரையும் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனதில்லை. எல்லாப் படமும் கோலாலம்பூர் ஸ்டூடியோவில்தான். உள்ளதைச் சொல்கிறேன்: நான் பிறந்து வளர்ந்த இடம் படத்தில் தெரிவதை என் மனம் விரும்பவில்லை.

அந்தக் கூச்சத்தைப் போக்கியவர் எங்கள் வட்டாரத்தில் மசாலாத் தூள் அரைத்து விற்கும் ஓர் அக்கா. புதுப் பெயர், புதுப் பொட்டலம், கூடவே நல்ல படங்களும் வேண்டும் என்று வந்தார். அவர் மகனுக்குச் செம்பனைத் தோப்பில் எடுக்க ஆசை. “நம்ம அடையாளமாச்சே, அண்ணே” என்றான்.

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிச் சோதனையாகச் சில படங்கள் எடுத்தோம். வளர்ந்த செம்பனையின் மட்டைகள் மேலே பின்னிக் கிடக்கும். அதற்குள் இறங்கும் வெளிச்சத்தில் பச்சை ஏறியிருக்கும். மஞ்சள்தூளில் பாசி படிந்தது போலிருந்தது. மிளகாய்த்தூள் கறுத்துத் தெரிந்தது. சாம்பல் அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்ய முயன்றேன். தூள் சரியானால் அக்காவின் முகம் சிவந்தது. முகம் சரியானால் தூள் கெட்டது. பச்சை எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழவில்லை.

அக்கா கேமராவை எட்டிப் பார்த்தார். “தம்பி, நான் என்ன செம்பனைக்கு அடியிலயா மொளகா காயவச்சேன்? என் வீட்டு வாசல்லதானே காயுது. அதை எடுங்க.”

அந்தச் சொல்லை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். செம்பனைக்கும் இங்கே வரலாறு உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பின்னாளில் பால்மரக் காடுகள் செம்பனையாக மாறியபோது வேலையும் வீடும் இழந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்த மரத்தை நம் அடையாளம் என்று மிளகாய்த்தூளுக்குப் பின்னால் நிறுத்த எனக்கு அதன்பிறகு மனம் வரவில்லை.

வாசலில் எடுத்தோம். இங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகும். ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் வெயில் மேலேறி, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்துவிடும். பிற்பகலில் மலைப்பக்கம் இடி முழங்கும். அக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம். அன்று காலைச் சாய்வெயில் முறத்தின் மேல் பக்கவாட்டில் விழுந்தது. வற்றிய மிளகாயின் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு மெல்லிய ஒளிக்கோடு. காம்பு கிள்ளிக் கிள்ளிச் சிவப்பேறிய அக்காவின் நகக்கண். எந்த ஸ்டூடியோவிலும் எனக்கு அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை.

ஆற்றோரத்தில் ஒரு படம் எடுக்கலாமா என்று மகன் கேட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1883இல் அணை உடைந்து பழைய கோலகுபு நகரை வெள்ளம் தாக்கிய ஊர் இது. மலையில் மழை பெய்தால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ‘கெப்பாலா ஆயர்’ என்னும் திடீர் வெள்ளம் பாய்ந்து வரும். பாறைமேல் விளக்குக் கம்பத்தோடு நிற்பவர் ஓடித் தப்ப முடியாது.

பொட்டலங்களை மட்டும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் வெளியே வானமும் தெரியும், படமெடுப்பவனும் தெரிவான். இணையக் கடையில் எல்லாப் பொட்டலமும் ஒரே நிறத்தில் இருந்தாக வேண்டும். ஸ்டூடியோ விளக்கு காலையிலும் மாலையிலும் 5500 கெல்வின் அளவிலேயே நிற்கும். மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகை அதற்குத் தகும்.

இப்போது யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது, பொருள் எங்கே உருவாகிறது என்றுதான். தையற்கடையில் என்றால் தையற்கடைக்கே போகிறோம். தோட்டத்துக்கும் போகிறேன், அங்கே விளைந்ததற்கு, அங்கே செய்ததற்கு. நீங்களும் போவதானால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லயன் வீட்டு வாசலில் கேமராவை வைக்குமுன் அங்கே குடியிருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.