உங்க கேப்டன் யாரு சார்?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இப்போதே லைக் போட்டுவிட்டு ஓட வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பழைய மாணவர்கள் ஐந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவனுக்கு என்னைவிட அதிகமாக நரைத்திருக்கிறது. காபி வந்தது, முறுக்கு வந்தது, பள்ளிக்கூடக் கதைகள் வந்தன. நடுவில் யாரோ ஸ்டார் ட்ரெக் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம் கூடத்தில் பட்டிமன்றம். எந்தக் கேப்டன் பெரியவர், எந்தப் படம் உயர்ந்தது என்று.

சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கேப்டனா? விஜயகாந்தைப் பத்தியா பேசறீங்க?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் கேப்டன் என்றால் அவர்தான். ஆனால் இவர்கள் அடித்துக்கொண்டது விண்வெளிக் கேப்டன்களுக்காக.

விஷயம் தெரியாத உறவுகளுக்காக இரண்டு வரி. ஸ்டார் ட்ரெக் என்பது ஜீன் ராடன்பெரி உருவாக்கி 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். எண்டர்பிரைஸ் என்று ஒரு விண்கலம். அதில் கிர்க் என்ற கேப்டன், கூர்மையான காதுகளோடு ஸ்பாக், எதற்கெடுத்தாலும் சீறும் டாக்டர் மெக்காய். மூன்று வருடம், 79 எபிசோடு, அத்தோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியபின் மறுஒளிபரப்பில்தான் ரசிகர்கள் பெருகினார்கள். 1979-இல் சினிமாவாக வந்தது. 1965-இல் மிஸ் இந்தியாவாக இருந்த பெர்சிஸ் கம்பாட்டா அந்தப் படத்தில் மொட்டைத் தலையோடு நடித்தார். பிறகு வரிசையாகப் படங்கள், புதிய தொடர்கள், தொடருக்கு ஒரு கேப்டன். எண்பதுகளில் ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் பழைய தொடரைப் போட்டார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஸ்பாக்கின் காதைப் பார்க்கவே வருவார்கள். நானும் அப்போது பிடித்ததுதான்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருகிறேன்.

சொந்தமாகத் தொழில் செய்பவன் கிர்க் கட்சி. "தோக்குறதுக்குன்னே வெச்ச பரீட்சைல ஜெயிச்ச ஒரே ஆளு சார்!" என்றான். 1982-இல் வந்த இரண்டாவது படத்தில் அந்தப் பரீட்சை வரும். பயிற்சி அதிகாரிகளுக்கு வைப்பது. ஆபத்தில் மாட்டிய கப்பலைக் காப்பாற்றப் போனாலும் அழிவு, போகாவிட்டாலும் பழி. தோல்வியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று பார்ப்பதற்கான சோதனை அது. கிர்க் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை கம்ப்யூட்டரையே மாற்றி எழுதி ஜெயித்தார். "எங்க பாஷைல அதுக்குப் பேரு வினாத்தாளைத் திருத்துறது" என்றேன். கூடம் சிரித்தது.

வக்கீல் ஸிஸ்கோ கட்சி. வங்கிக் கிளை ஒன்றை நடத்துகிற மாணவி ஜேன்வே கட்சி. ஒரு தொடருக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் கேப்டன் ஜேன்வே. 1995-இல் வந்தார். அவருடைய கப்பல் வீட்டிலிருந்து எழுபதாயிரம் ஒளியாண்டு தள்ளிப் போய் விழுந்துவிடும். முழு வேகத்தில் வந்தாலும் திரும்ப எழுபத்தைந்து வருடம் ஆகும். "மத்த கேப்டனுக்கெல்லாம் சந்தேகம்னா கேட்க மேலிடம் இருந்தது சார். இவங்களுக்கு யாரு இருந்தா?" என்றாள். கிளை மேலாளர் பேச்சு அது. யாராலும் மறுக்க முடியவில்லை.

நான்காமவன் படங்கள் மட்டும் பார்க்கிறவன். இரட்டைப்படை எண் படங்கள் நன்றாக இருக்கும், ஒற்றைப்படை சுமார்தான் என்று ரசிகர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அதை ஒப்பித்தான். 2, 4, 6, 8 வரை கணக்கு சரியாக வரும். 2002-இல் வந்த பத்தாவது படம் கணக்கைக் கெடுத்துவிட்டது என்று மற்றவர்கள் அவனை மடக்கினார்கள்.

நான் பங்குக்கு ஒரு துருப்புச் சீட்டு இறக்கினேன். 1986-இல் வந்த நான்காவது படம், திமிங்கிலங்களைத் தேடி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போவார்களே, அதில் சக்தி இழந்து தவிக்கும் ஒரு கப்பலின் கேப்டனாகச் சில நொடிகள் வருபவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். ஐந்து பேரும் நம்பவில்லை. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். வாத்தியாருக்கு ஒரு மார்க்!

கல்லூரியில் பாடம் நடத்துகிற ஐந்தாமவன் பிக்கார்ட் கட்சி. 1987 முதல் 1994 வரை ஓடிய தொடரின் வழுக்கைத் தலைக் கேப்டன். பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தது. படிப்பவர், பேசித் தீர்ப்பவர், முடிவெடுக்கும் முன் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்பவர்.

"உங்க கேப்டன் யாரு சார்?" என்று கேட்டார்கள். "யோசிச்சு எழுதுறேன்" என்று தப்பித்தேன்.

கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அந்த ஐந்தாமவன் சொன்னான்: "எங்களுக்கு நீங்கதான் சார் பிக்கார்ட். கேள்வி கேட்டா கோபப்படாத ஒரே வாத்தியார் நீங்கதான்." மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் பிக்கார்ட் நடித்த படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஃபர்ஸ்ட் கான்டாக்ட், 1996-இல் வந்த எட்டாவது படம். போர்க் என்று ஓர் எதிரிக் கூட்டம். மனிதர்களைப் பிடித்துப் பாதி இயந்திரமாக்கித் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வார்கள். சில வருடம் முன்பு பிக்கார்டையே அப்படிப் பிடித்து வைத்திருந்தவர்கள். இப்போது அவர் கப்பலில் புகுந்து ஒவ்வொரு தளமாகப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஜெயிக்க வழியில்லை. கப்பலை வெடிக்கவைத்துவிட்டு ஆட்களைக் காப்பாற்றலாம் என்கிறார் வோர்ஃப், அவருடன் பல வருடம் வேலை பார்த்த வீரர். பிக்கார்ட் எல்லோர் முன்னாலும் அவரைக் கோழை என்கிறார். எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேப்டன் முடிவெடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று கப்பல் டாக்டரே ஒதுங்கிவிடுகிறார்.

லில்லி என்று வேறு காலத்துப் பெண் ஒருத்தி அந்தக் கப்பலில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அவர் கேப்டனும் இல்லை, பெரியவரும் இல்லை. நேரே உள்ளே போய், நீங்கள் பழிவாங்கத்தான் பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அவர் ஆத்திரத்தில் கண்ணாடிப் பெட்டியை உடைக்கிறார். திமிங்கிலத்தைத் துரத்திக் கப்பலோடு அழிந்த மோபி டிக் நாவலின் கேப்டன் ஏகாபை அவள் நினைவுபடுத்துகிறாள். அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. இதில் வேடிக்கை, அந்த நாவலை அவள் படித்ததே இல்லையாம்! படித்தவருக்குப் புரியாததைப் படிக்காதவள் சொன்னாள்.

பிறகு பிக்கார்ட் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். திரும்ப வருகிறார். வோர்ஃப் சொன்ன அதே உத்தரவைப் போடுகிறார். வோர்ஃபிடம் போய், முன்பு சொன்ன சில வார்த்தைகளுக்கு வருந்துகிறேன், எனக்குத் தெரிந்தவர்களிலேயே தைரியசாலி நீங்கள்தான் என்று சொல்கிறார். தனியாகக் கூப்பிட்டு இல்லை. எந்த இடத்தில் அவமானப்படுத்தினாரோ அதே இடத்தில்.

அதைப் பார்த்தபின் மற்ற கேப்டன்களையும் அந்த ஒரே கேள்வியை வைத்துத் திருத்திப் பார்த்தேன். பேப்பர் திருத்துகிற பழக்கம் போகாது அல்லவா. கீழே இருப்பவர் ‘இது தப்பு’ என்று சொன்னபோது இவர்கள் என்ன செய்தார்கள்?

கிர்க்: அதே இரண்டாவது படத்தில், பதில் பேசாமல் நெருங்கி வரும் நட்புக் கப்பலைப் பார்த்து, பாதுகாப்புக் கவசத்தைப் போடுவதுதான் விதி என்று சாவிக் என்ற பயிற்சி அதிகாரி நினைவூட்டுகிறாள். அவருக்கு விதி தெரியும் என்று ஸ்பாக்கே அவளை அடக்கிவிடுகிறார். கிர்க் பேசாமல் இருக்கிறார். உள்ளே இருந்தது எதிரி. அடி விழுகிறது, பயிற்சிப் பிள்ளைகள் சாகிறார்கள். அதன்பின் கிர்க் சாவிக்கிடம், நீ இப்படியே விதிகளைச் சொல்லிக்கொண்டே இரு என்கிறார். வினாத்தாளைத் திருத்தியவர் என்று நான் கேலி செய்த ஆள், தன் தப்பை அவளிடமே ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஜேன்வே: ஒரு விபத்தில் இரண்டு பேர் ஒன்றாகக் கலந்து புதிதாக ஓர் ஆள் உருவாகிவிடுகிறான். பழைய இருவரையும் மீட்க வேண்டுமானால் இவன் சாக வேண்டும். அவனோ வாழ ஆசைப்படுகிறான். டாக்டர் முடியாது என்று மறுத்துவிடுகிறார். ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்துவிட்டுத் தனியாக வெளியே நடக்கிறார். 1996-இல் வந்த எபிசோடு. சரியா தப்பா என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பொறுப்பை அவர் வேறு யார் தலையிலும் கட்டவில்லை.

ஸிஸ்கோ: 1998-இல் வந்த ஒரு எபிசோடு. போரில் ஒரு நாட்டைத் தன் பக்கம் இழுக்கப் பொய் ஆதாரம் தயாரிக்கிறார். அது கொலையில் முடிகிறது. நடந்தது முழுவதையும் தன் நாட்குறிப்பில் பேசிப் பதிவு செய்கிறார். இதோடு என்னால் வாழ முடியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பிறகு அந்தப் பதிவை அழித்துவிடுகிறார்.

அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என்னிடமும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக அழித்து அழித்து வைத்திருக்கிறேன்.

1991. பன்னிரண்டாம் வகுப்பு, இயற்பியல். கிர்க்கைப் பற்றிப் பேசப்போய் கிர்க்காஃபில் வந்து நிற்கிறேன் பாருங்கள், அன்று நடத்தியது கிர்க்காஃப் விதி. கரும்பலகையில் ஒரு கணக்கு. இரண்டு மின்கலங்கள், இரண்டு மூடிய சுற்றுகள். இரண்டாவது சுற்றில் மின்கலத்தை எதிர்த்திசையில் கடக்கிறோம். அங்கே மைனஸ் வர வேண்டும். நான் ப்ளஸ் போட்டுவிட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன், அதிகம் பேசாதவன். "சார், ரெண்டாவது சுற்றுல அந்தக் குறி மைனஸ் வரணும் சார்" என்றான். உட்காரச் சொன்னேன். உட்காராமல் மறுபடி சொன்னான். "அப்ப நீயே வந்து பாடம் நடத்துறியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது. "வெளிய போய் நில்லு" என்றேன். மணி அடிக்கும்வரை வராந்தாவில் நின்றான்.

ராத்திரி வீட்டில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. மறுநாள் வகுப்பில், "நேத்து ஒரு சின்னக் கைத்தவறு" என்று சொல்லி நானே கண்டுபிடித்ததுபோல் குறியை மாற்றினேன். அவன் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வருடம் முழுவதும் அவன் அதன்பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை.

எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில்தான், நான் தப்பாக எழுதினால் எழுந்து சொல்லுங்கள் என்று முதல் நாளே சொல்ல ஆரம்பித்தேன். வாசலில் நின்று என்னைப் பிக்கார்ட் என்றவர்கள் எல்லோரும் அதற்குப் பின் வந்தவர்கள். பலன் அவர்களுக்குக் கிடைத்தது. விலை கொடுத்தது அவன். அவனிடம் மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை. சில வருடம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்போதும் வாய் வரவில்லை.

அவன் இங்கே என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறான். என் எல்லாப் பதிவுக்கும் லைக் போடுவான். ஒரு கமெண்ட்கூடப் போட்டதில்லை.

பெயர் சொல்லப்போவதில்லை. அவனுக்குத் தெரியும். வகுப்பு முழுக்கப் பார்க்கச் செய்த தப்பு, அதனால் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

தம்பி, நீ சொன்னது சரி. அந்தக் குறி மைனஸ்தான். நான் செய்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, தெரிந்தபின்னும் சொல்லாமல் இருந்தது. மன்னித்துவிடு. கோபம் இருந்தால் அதையும் கீழே எழுது, நான் படிக்கிறேன். எழுத மனமில்லை என்றாலும் சரி. இந்தத் தடவை நான் உன்னை உட்காரச் சொல்லவில்லை.

என் கேப்டன் யார் என்ற கேள்விக்குப் பதில்: பிக்கார்ட்தான். அவர் தப்பே செய்யாதவர் என்பதற்காக அல்ல, வோர்ஃபிடம் திரும்பிப் போனதற்காக. அவருக்கு அதற்குச் சில நிமிடங்கள் ஆயின, எனக்கு முப்பது வருடத்துக்கு மேல்.

மற்றவர்கள் உங்கள் கேப்டன் யார், பிடித்த படம் எது என்று கமெண்டில் எழுதுங்கள். காரணம் எழுதினால்தான் முழு மார்க். விஜயகாந்த் என்று எழுதினாலும் மார்க் உண்டு, என் மனைவி திருத்துவாள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் சார்