இலையில்லா வெளியில் காற்று

காற்றைக் குறிக்கும் சொற்கள் பற்றிய என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தி எழுதும் இந்நாட்களில், 1911 ஜூலைத் திங்களில் அண்டார்க்டிகாவில் வீசிய ஒரு புயல் நினைவை விட்டு அகல மறுக்கிறது.

ஸ்காட்டின் பயணக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவரும் பென்குயின் முட்டைகளைத் தேடி, துருவக் குளிர்கால இருளில் கேப் குரோசியருக்குச் சென்றனர். வழியில் குளிர் மைனஸ் 60 பாகை செல்சியஸையும் கடந்தது. அங்கு எழுந்த பெருங்காற்று கூடாரத்தைப் பறித்துச் சென்றது. கற்குடிலின் கித்தான் கூரையையும் கிழித்தெறிந்தது. கடலோடியான பவர்ஸ் வானிலைக் குறிப்பில் அதன் விசையை 11 எனப் பதிந்தார். போஃபர்ட் அளவுகோலின் உச்சம் 12.

கப்பல்களுக்கென உருவான அவ்வளவுகோலை 1906இல் நிலத்துக்கும் பொருத்தியவர் ஜார்ஜ் சிம்ப்சன். பின்னர் இந்திய வானிலைத் துறையிலிருந்து இதே குழுவில் இணைந்த அறிவியலாளர். சாயும் புகை, சலசலக்கும் இலை, அசையும் மரம் ஆகியவை நிலத்துக்கான அடையாளங்கள். துருவத்திலோ மரமும் இல்லை, இலையும் இல்லை.

கட்ச் உப்பளங்களுக்கு நான் கொண்டுசென்ற வினாநிரலும் ‘இலை அசைந்தால்’ என்றே தொடங்கியது. முதிய தொழிலாளி ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இங்கே இலை எங்கே, மகளே?” என்றார். பின்னர் பாத்தி நீரின் நெளிவுகளைச் சுட்டிக்காட்டினார். நெளிவு மாறமாற அவர் கூறிய சொல்லும் மாறியது.

திரட்டிய தரவில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது ஓராண்டு தள்ளிப்போகிறது. புதிய வினாநிரலின் முதல் வினா: காற்று வருவதை எதைக் கண்டு அறிகிறீர்கள்?