கடற்குதிரைக்கு ஒரு தொட்டி

கடற்குதிரை வளர்க்கும் ஆசை எங்கள் வீட்டில் மகளிடமிருந்து தொடங்கியது. மீன் என்றால் நம்ப மறுக்கும் முகம்; எதையும் பற்றிக்கொள்ளும் வால்; முட்டைகளைத் தன் பையில் சுமந்து குஞ்சு ஈனும் ஆண். ஒரு வீட்டை மயக்க இவை போதாதா?

நிமிர்ந்து நீந்தும் உயிர் என்பதால், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் உயரமான கண்ணாடித் தொட்டி வாங்கினோம். வால் பற்றிக்கொள்ளச் செயற்கைக் கடற்புல் நட்டோம். கடலுப்பைக் கரைத்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருகட்டும் என்று ஆறு வாரம் வெறுந்தொட்டியைக் காத்தோம். கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை. நாளுக்குப் பலமுறை இரையிட வேண்டும். கடலில் பிடிபட்டவை உயிருள்ள இரையன்றி வேறெதையும் எளிதில் தொடா. இவற்றையெல்லாம் படித்து, பழக்கமான மீன் கடைக்காரரிடம் ஒரு ஜோடிக்குச் சொல்லியும் வைத்தோம்.

சட்டத்தைத்தான் கடைசியாகப் படித்தோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலேயே கடற்குதிரை சேர்க்கப்பட்டுவிட்டது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் சிக்குபவை உலர்த்தப்பட்டு, மருந்துக்கென்று கடல் கடந்து கடத்தப்படுகின்றன. புலிக்கு உள்ள காவல்தான் இந்த விரல்நீள உயிருக்கும்.

வேண்டாமென்று சொல்லப் போனபோது ஜோடி வந்திருந்தது. பற்றுவதற்கு வேறொன்றுமில்லாத பாலித்தீன் பைக்குள் ஒன்றின் வாலை மற்றொன்று சுற்றியிருந்தது.

"நீங்க எடுக்கலைன்னா வேற ஆள் இருக்கு சார்," என்றார் கடைக்காரர்.

வெறுங்கையோடு திரும்பினோம். "அப்போ அந்த ரெண்டும் எங்கப்பா போகும்?" என்றாள் மகள். சட்டத்தை விளக்கினோம். அவள் கேட்டது அதுவன்று. வனத்துறைக்குச் சொல்லியிருக்கலாம்; பல்லாண்டுப் பழக்கம் நாவைக் கட்டியது. குற்றம் செய்யவில்லை என்று எங்களால் சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்த ஜோடியைக் கடலிலிருந்து வரவழைத்தது எங்கள் சொல்தான்.

இப்போது அத்தொட்டியில் பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் திரிகின்றன. அவற்றுக்குக் கடற்புல் தேவையில்லை. எடுத்துவிடலாம் என்றால் மகள் விடுவதில்லை.